உல்லி சொன்ன நோ

பல் வலித்தால் உடனே பல் டாக்டரிடம் போய்விடுங்கள். இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது. ஆக்லாந்தில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்லில் ஓட்டை விழுந்தால், “அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவோம். பட்டுப்புடவை, மூக்குக் கண்ணாடி, பல், இந்த மூன்றும் ஊர்ப் பயணத்துக்கு என்று ஒதுக்கி வைத்தவை. என் இடப்பக்கக் கடைவாய்ப்பல் இரண்டு வருடம் அந்த வரிசையில் நின்றது. நான் வலப்பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டினேன்.

என் பெயர் முருகேசன். சொந்த ஊர் கோவில்பட்டி. வீடு ஹில்ஸ்பரோவில், வேலை மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு குளிர்கிடங்கில். கம்ப்ரசர், பைப், வால்வு என்று இருபது வருடமாக இதே பிழைப்பு. ஊரெல்லாம் வால்வு மாட்டுகிறவர் சொந்த வால்வைக் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று என் மனைவி செல்வி இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அப்போது சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஆனால் காய்ச்சல். விடிந்தால் ஒன்றும் இல்லை. வழக்கமான டாக்டர் முதலில் வைரஸ் என்றார், பாரசிட்டமால் கொடுத்தார். மூன்று வாரத்தில் பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போனது. நான்காவது வாரம் அவர் என் விரல் நகங்களை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். நகத்துக்கு அடியில் மரச்சிலாம்பு ஏறினது மாதிரி சிவப்புக் கோடுகள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். “இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்” என்று கையோடு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அவசரப் பிரிவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்தோம். இரண்டு கையிலும் மாற்றி மாற்றி மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தைப் புட்டியில் ஊற்றிச் சூடான பெட்டியில் வைப்பார்களாம். கிருமி இருந்தால், மாவு புளிப்பது மாதிரி ஒரு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். என்னுடையது அரை நாளிலேயே பொங்கிவிட்டது. வாயில் இருக்கிற கிருமி, சொத்தைப் பல் வழியாக ரத்தத்தில் இறங்கி, இதயத்தின் இடப்பக்க வால்வில் குடியேறியிருக்கிறது. அங்கே ஒரு கட்டி வளர்ந்திருக்கிறது. அந்தக் கட்டிக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் வெஜிடேஷன்.

“காய்கறிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நாம வாரம் மூணு நாள் மீனுல்லா திங்கோம்,” என்றாள் செல்வி. சொல்லிவிட்டு அழுதாள்.

சிகிச்சை, ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து. கட்டி கரைந்தால் நல்லது. கரையாவிட்டால் நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை. கட்டி உடைந்து ஒரு துண்டு ரத்தத்தோடு போய் மூளையில் அடைத்தால் பக்கவாதம், சில சமயம் அதற்கு மேலும். இதையெல்லாம் உயரமான ஒரு லேடி டாக்டர் என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, ஒளிக்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும் காதில் ஏறியது.

அந்த அறையில் இரண்டே படுக்கை. ஜன்னலோரப் படுக்கையில் ஒரு வெள்ளைக்காரர், நாற்பது வயதிருக்கும், கதவு அகலத்துக்குத் தோள். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. அவரிடமிருந்து கடிகாரச் சத்தம் மாதிரி மெல்லிசாக டிக் டிக் என்று கேட்டது. கடிகாரம் எங்கே என்று நான் தேடுவதைப் பார்த்து, “அது நான்தான். உள்ளே உலோக வால்வு. இரண்டு வாரம் ஆகிறது,” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பெயர் உல்ரிச். எல்லாருக்கும் உல்லி. ஜெர்மனிக்காரர். நாங்கள் பேசியது முழுக்க இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இங்கிலீஷில், இங்கே என் தமிழில் தருகிறேன். மூன்றாம் நாளே எனக்குள் அவர் ‘அவன்’ ஆகிவிட்டார். இங்கிலீஷில் அந்த வித்தியாசம் இல்லாததால் அவனுக்கு இது தெரியாது.

என்ன வேலை என்று கேட்டேன். பதினாறு வருடம் சம்பளத்துக்கு ஹாக்கி ஆடினேன் என்றான். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. கோவில்பட்டிக்காரனிடம் ஹாக்கியா? எங்கள் ஊரில் பையன்கள் நடக்கப் பழகியதும் கையில் மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். நானே பள்ளிக்கூட டீமில் ரைட் பேக். ஜெர்மனி பெனால்டி கார்னர் அடிக்கிற விதம், எங்கள் வாத்தியார் அதைத் தடுக்கச் சொல்லிக்கொடுத்த விதம், புல்தரை போய்ச் செயற்கைத் தரை வந்ததில் நமக்கு நேர்ந்த அநியாயம் என்று கால் மணி நேரம் பொரிந்து தள்ளினேன். அவன் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, “நான் ஆடியது ஐஸில்,” என்றான். பிறகு ஒரு சுருட்டிய துவாலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தான். நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியவர்கள் இருமினாலும் சிரித்தாலும் அப்படி எதையாவது கட்டிக்கொள்ள வேண்டும்.

அவன் ஆட்டத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஐஸைப் பற்றித் தெரியும். ரிங்க் என்கிற அந்த ஐஸ் மைதானம் ஒரு கான்கிரீட் தரை, உள்ளே மைல் கணக்கில் பைப், பைப்புக்குள் உறையாத குளிர்நீர், மேலே ஒன்றரை அங்குலம் ஐஸ், அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவன் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. “ஒன்றரை அங்குலம்தானா? அதற்கு மேலா என் வாழ்க்கை முழுக்க நின்றேன்?” என்று இரண்டு விரலால் அளந்து அளந்து பார்த்தான்.

அவன் கதையை நாட்கணக்கில் துண்டு துண்டாகக் கேட்டேன். ஜெர்மனியின் தென்கோடியில் மலையடிவாரத்து ஊர். அம்மா ரிங்க் கேண்டீனில் வேலை பார்த்ததால் பள்ளி விட்டதும் இவன் போக வேறு இடமில்லை. பதினைந்து வயதில் வீட்டை விட்டு விளையாட்டு விடுதி. இரண்டாம் டிவிஷனில் ஐந்து வருடம், அப்புறம் முதல் டிவிஷன். கோல் அடிக்கிற ஆள் இல்லை, தடுக்கிற ஆள். கல்லு மாதிரி ரப்பர் வட்டு, பக் என்பார்கள், காரை விட வேகமாக வரும்போது குறுக்கே படுப்பதுதான் இவன் உத்தியோகம். தாடையில் வாங்கினது ஒன்று, முன்பற்கள் நாலு போனது. முழங்காலில் வாங்கினது எத்தனை என்று அவனுக்கே கணக்கில்லை. ஒரு குளிர்காலம் நாட்டு அணிக்குக் கூப்பிட்டார்கள், இரண்டே ஆட்டம். அந்தச் சட்டை அம்மா வீட்டில் இருக்கிறது. இதைச் சொல்லும்போதும் குரலில் ஒரு அலட்டல் கிடையாது, பஸ் கண்டக்டர் வேலையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான். எனக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது.

பிறகு நியூசிலாந்துப் பெண் ஹானாவைக் கல்யாணம் செய்து இங்கே வந்தான். பகலில் கண்ணாடிக் கம்பெனி டிரக் ஓட்டினான், வாரக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பயிற்சி, குளிர்காலத்தில் உள்ளூர் அணியில் ஆட்டம். அடிபட்ட பற்களில் ஒன்றின் வேர் அழுகி, கிருமி இறங்கி, என் வியாதியே அவனுக்கும். ஆக, எங்கள் இரண்டு பேரையும் அந்த அறையில் சேர்த்தது பல்.

இன்னொன்றும் சொன்னான். அவர்கள் ஆட்டத்தில் யாருக்கு அடிபட்டாலும் கிளப் விவரம் வெளியிடாது. ‘மேல் உடம்பு’ அல்லது ‘கீழ் உடம்பு’, அவ்வளவுதான் அறிவிப்பார்கள். தெரிந்தால் எதிரணி அந்த இடத்திலேயே அடிக்குமாம். கூட ஆடுகிறவன் மறைக்கிற காயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது உடை மாற்றும் அறையின் சட்டம். பதினாறு வருடத்தில் ஒருமுறைகூட நான் ஒருத்தனைக் காட்டிக்கொடுத்ததில்லை என்றான். நானும் அதைப் பெரிய குணமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இனி சுபா. அந்த வார்டின் பகல் நேர நர்ஸ், யாழ்ப்பாணத்துப் பெண், ஒனிஹங்காவில் வீடு. என் பெயரைப் பார்த்ததும், “அண்ணா, நீங்கள் தமிழோ?” என்று கேட்டதில் எனக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அடுத்து, “நோ இருக்கோ?” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “நோ,” என்றேன்.

“எங்கை?”

“நோ, நோ,” என்று தலையை ஆட்டினேன். ஆட்டியது எந்தப் பக்கம் என்று எனக்கே நிச்சயமில்லை.

“கனக்க நோ போலை,” என்று வருத்தப்பட்டு இரண்டு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். இவ்வளவு அன்பாகத் தருகிறவளிடம் எப்படி மறுப்பது என்று விழுங்கிவிட்டேன். மறுநாளும் அதே கேள்வி, அதே நோ, அதே மாத்திரை. மூன்றாம் நாள் செல்வி பக்கத்தில் இருந்தாள்.

“ஏம்மா, இவருக்கு எதுக்கு இத்தனை மாத்திரை?”

“நோ எண்டு சொல்லுறார், அக்கா.”

“நோன்னா வேண்டாம்னுல அர்த்தம்?”

“ஐயோ, எங்களுக்கு நோ எண்டால் வலி. நீங்கள் வலிக்குது எண்டு சொல்லுவியள், நாங்கள் நோகுது எண்டு கதைப்பம்.”

எங்கள் பக்கமும் மனசு நோகும், நோய் உண்டு. வலியை நோ என்று தனியாக எடுத்து வைக்கிற பழக்கம்தான் இல்லை. மூன்று நாளாகப் பக்கத்துப் படுக்கையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த உல்லி, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஏன் இவர்கள் உனக்கு மாத்திரை தருகிறார்கள் என்று கேட்டான். விளக்கினேன். துவாலையைக் கட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அன்றிலிருந்து எங்கள் அறையில் யார் நோ என்றாலும், “உன் நோவா, சுபா நோவா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அவனிடம் வலி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் எப்போதும் பத்துக்கு இரண்டு என்பான். தையல் பிரித்த அன்றும் இரண்டுதான்.

அவன் பெயரிலும் ஒரு வழக்கு ஓடியது. நாகர்கோவில்காரியான செல்விக்கு உள்ளி என்றால் சின்ன வெங்காயம், சுபாவுக்குப் பூண்டு. “ரெண்டுமே உடம்புக்கு நல்லது,” என்று செல்வி தீர்ப்புச் சொன்னாள். அவள் கொண்டுவரும் ரசத்தை உல்லி தம்ளரில் ஊற்றிக் காபி மாதிரிக் குடிப்பான்.

இரண்டாவது வாரம் தொண்டை வழியாக ஒரு குழாயை இறக்கி, இதயத்துக்குப் பின்னாலிருந்து படம் எடுத்தார்கள். தொண்டையை மரக்க வைத்து, அரை மயக்கத்தில் வைத்துச் செய்வது. சொல்வதற்குத்தான் சுலபம். உல்லி முன்கூட்டியே ஒரு வித்தை சொல்லித் தந்தான். ஐஸ் ஹாக்கியில் யாரும் தொடர்ந்து ஆட மாட்டார்கள். நாற்பத்தைந்து விநாடி முழு மூச்சோடு ஆடிவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்காருவார்கள், அடுத்தவன் இறங்குவான். அதற்குப் பெயர் ஷிப்ட். என் ஷிப்ட் எட்டு மணி நேரம் என்றேன். “என்னுடையது நாற்பத்தைந்து விநாடி. அவ்வளவு நேரம் எதையும் தாங்கலாம்,” என்றான். குழாய் இறங்கும்போது எண்ணினேன். ஏழெட்டு ஷிப்டில் முடிந்தது.

படத்தில் கட்டி ஒரு சென்டிமீட்டர். காய்ச்சல் விட்டிருந்தது. இப்படியே இருந்தால் வியாழக்கிழமை கையில் குழாயோடு வீட்டுக்குப் போகலாம், மிச்ச மருந்தை வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? என் ஒரே மகள் மதுவுக்கு டனீடினில் யூனிவர்சிட்டி, சனிக்கிழமை விமானம். பிறந்ததிலிருந்து ஒரு ராத்திரிகூட எங்களை விட்டு இருந்ததில்லை. அவள் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்ற வேண்டும் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை டீ குடிக்கும்போது கப் கையிலிருந்து நழுவியது. இடது கை. ஐஸ் ரூமில் உறை இல்லாமல் பைப்பைப் பிடித்தால் விரல் மரக்குமே, அப்படி மூன்று விரல் மரத்திருந்தது. குனிந்து எடுக்கப் போனேன், விரல் மூடவில்லை. நிமிர்ந்தால் உல்லி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“யாரிடமும் சொல்லாதே. நாளான்னைக்கு வீட்டுக்குப் போகிறேன்,” என்றேன்.

மத்தியானத்துக்குள் விரல்கள் சரியாகின, சுண்டுவிரல் மட்டும் இன்னும் யாருடையதோ மாதிரி இருந்தது. செல்வி வந்தபோது இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். பயந்துபோயிருந்தேன் என்பதுதான் உண்மை. பயத்தை விட ஆசை பெரிதாக இருந்தது, அதுவும் உண்மை.

மறுநாள் காலை டாக்டர் வந்தார், கூடவே சுபா. கையை நீட்டு, கண்ணை மூடு, சிரி, எல்லாம் ஆயிற்று. “கை கால் பலவீனம், மரத்துப்போவது, ஏதாவது?” என்று கேட்டார்.

“நோ,” என்றேன்.

டாக்டர் எழுதப் போனார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உல்லியின் குரல் வந்தது.

“டாக்டர், அது சுபாவுடைய நோ.”

டாக்டருக்கு விளங்கவில்லை. சுபா என்னைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. “மேல் உடம்பு,” என்றான் உல்லி. “இடது கை. நேற்றுக் காலை கப்பைப் போட்டான். விரல் மூடவில்லை.”

அரை மணி நேரத்தில் ஸ்கேனுக்குள் இருந்தேன். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளையின் வலப்பக்கம் போய் அடைத்திருக்கிறது. குண்டூசித் தலை அளவு. மிச்சக் கட்டி நூலில் ஆடுகிறது. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை என்றார்கள். “நாளைக்கு வீட்டுக்குப் போயிருந்தால்...” என்று தொடங்கிய சர்ஜன், செல்வியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அன்று சாயங்காலமே அந்தக் கடைவாய்ப்பல்லையும் பிடுங்கினார்கள். பிடுங்க ஆன நேரம் பத்து நிமிடம்.

உல்லி மேல் எனக்குக் கோபம். உயிரைக் காப்பாற்றியவன் மேல் கோபமா என்றால், ஆமாம், கோபம்தான். மகள் ஊருக்குப் போகிற நேரத்தில் நான் கண் விழித்திருப்பேனா என்றே தெரியாது. அன்று முழுக்க அவனிடம் பேசவில்லை. செல்வி என்னிடம் பேசவில்லை. “ஒளிச்சு வச்சீகளே, எங்கிட்டயே ஒளிச்சு வச்சீகளே,” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி.

வியாழக்கிழமை மத்தியானம் உல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“என் வாழ்க்கையில் பெரிய கோல் ஒன்று அடித்திருக்கிறேன். அரையிறுதி, கூடுதல் நேரம். ஊரே தோளில் தூக்கியது. வீடியோவில் பார்த்திருக்கிறேன்.”

“அதற்கு?”

“வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு முந்திய ஆட்டத்தில் தலையில் அடி. எங்களுக்கு சீசன் தொடக்கத்தில் ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பார்கள். அதில் நான் வேண்டுமென்றே தப்பாக எழுதுவேன். பிறகு அடிபட்டு மந்தமானாலும் வித்தியாசம் தெரியாதே. அப்படி ஏமாற்றித்தான் ஐஸில் இறங்கினேன். அந்த வாரம் முழுக்க என் ஞாபகத்தில் இல்லை. என்னோடு ஆடியவனுக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை. இன்றும் நல்ல நண்பன். ஆனால் அந்தக் கோல் என்னிடம் இல்லை.”

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான்.

“உன் மகள் கையசைத்துவிட்டுப் போவதை நீ வீடியோவில் பார்க்கக் கூடாது,” என்றான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். வலது கையால். அப்போதுதான் கேட்கத் தோன்றியது, உனக்கு இந்த உலோக வால்வுதான் வேண்டுமென்று யார் முடிவு செய்தது என்று. மாட்டுத் திசுவில் செய்த வால்வும் உண்டு என்றான், அதை வைத்துக்கொண்டு ஆடியிருக்கலாம், பன்னிரண்டு பதினைந்து வருடத்தில் தேய்ந்து மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். உலோகம் தேயாது. ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை, மோதினால் உள்ளே ரத்தம் கசியும், அதனால் ஆட்டம் கிடையாது. இன்னொரு தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது என்று ஹானா சொல்லியிருக்கிறாள். “ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு ரிட்டயர் ஆனேன்,” என்றான். வருத்தமா என்று கேட்டேன். “இரண்டு,” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை உல்லியை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு போனது அதே நேரம். கதவருகே நிறுத்தி, தன்னுடைய துவாலைச் சுருளை என் மேல் வைத்தான். ஹாக்கி மட்டையில் சுற்றுகிற கறுப்புத் துணி டேப்பால் இறுக்கிச் சுற்றியிருந்தான்.

அடுத்த ஐந்து மணி நேரம் எனக்குத் தெரியாது. செல்வி சொன்னதைத்தான் சொல்ல முடியும். காத்திருக்கும் அறையில் அவளும் மதுவும் உட்கார்ந்திருக்க, டிஸ்சார்ஜ் ஆன உல்லி பையோடு உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தானாம். ஹானா வந்து கூப்பிட்டும் போகவில்லை.

“அம்மாவுக்கு அழுகை நிக்கவே இல்ல. தென் அந்த அங்கிள் சொன்னார், நீ ஃபார்ட்டி ஃபைவ் செகண்ட்ஸ் கவலைப்படு. அப்புறம் ரெஸ்ட் எடு, அடுத்த ஃபார்ட்டி ஃபைவ் நான் பட்டுக்கறேன்,” என்று மது சொன்னாள். மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்து மாற்றி மாற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். செல்வி அந்த மனிதரைப் பற்றிப் பேசினால் இப்போதும் இதில்தான் தொடங்குவாள். “நெஞ்சு பிளந்து ஒரு மாசங்கூட ஆவல, அந்த நாற்காலியில அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தாருங்க,” என்பாள்.

கட்டியை வெட்டி எடுத்து, என் சொந்த வால்விலேயே ஒட்டுப் போட்டுவிட்டார்கள். உலோகம் தேவைப்படவில்லை. கண் விழித்ததும் முதலில் இடது கை விரல்களை மடக்கிப் பார்த்தேன், மெதுவாக மடங்கின. முதல் இருமல் வந்தபோது நெஞ்சில் கோடாலி இறங்கியது. துவாலையைக் கட்டிக்கொண்டு எண்ணினேன். சுபா வந்து, “நோ இருக்கோ அண்ணா?” என்றாள்.

“இருக்கும்மா. பத்துக்கு எட்டு.”

“இப்பத்தான் ஒழுங்காக் கதைக்கிறியள்,” என்று ஊசி போட்டாள்.

மது விமானத்தைப் புதன்கிழமைக்கு மாற்றியிருந்தாள். பையை மாட்டிக்கொண்டு நேரே வார்டுக்கு வந்தாள். மருந்துக் கம்பியைத் தள்ளிக்கொண்டு லிப்ட் வரை நான் நடந்தேன், நாற்பது அடி இருக்கும், இரண்டு தடவை நின்றேன். நீல ஜெர்ஸி போட்டிருந்தாள். இடது ஷூவில் நாடா அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்ட எனக்கு முடியவில்லை, அவளே கட்டினாள். எதற்கும் பாதி இங்கிலீஷ் கலந்தே பதில் சொல்கிறவள், லிப்ட் கதவு திறந்ததும் முழுத் தமிழில் கேட்டாள்.

“அப்பா, வலிக்குதா?”

“வலிக்குது,” என்றேன். ரெண்டு பேரும் அழுதோம். லிப்டில் நின்ற ஒரு பெரியவர் எங்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாம் அப்படியே என்னிடம் இருக்கிறது.

ஜூலை மாதம் உல்லி போன் செய்தான். ரிங்க்குக்கு வா, கம்ப்ரசர் ரூமைத் திறந்துகாட்டச் சொல்லியிருக்கிறேன் என்றான். போனேன். பழைய மெஷின், நன்றாகப் பராமரித்திருந்தார்கள். பிறகு உல்லியோடு அவன் அணியின் பெஞ்சுக்கு வந்தேன். அன்று உள்ளூர் ஆட்டம். தடிமனான கோட்டு போட்டுக்கொண்டு அவன் பெஞ்சின் சின்னக் கதவருகே நின்றான். ஷிப்ட் முடிந்தவர்கள் உள்ளே வரவும் அடுத்தவர்கள் இறங்கவும் கதவைத் திறந்து மூடுவதுதான் இப்போது அவன் வேலை. பையன்கள் அவனைத் தாண்டிப் போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

பார்த்துக்கொண்டே நின்றேன். எதிரணிக்காரன் மட்டையை ஓங்கும்போதெல்லாம் உல்லியின் முழங்கால் தானாக மடங்கியது, குறுக்கே விழப்போகிறவன் மாதிரி. பதினாறு வருடம் பழகிய முழங்கால். அந்தச் சத்தத்தில் அவன் நெஞ்சின் டிக் டிக் எனக்குக் கேட்கவில்லை.

“உல்லி, நோ இருக்கா?” என்று தமிழிலேயே கேட்டேன்.

“நோ,” என்றான், ஐஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்து பேர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்கள், ஐந்து பேர் இறங்கினார்கள். கதவை மூடினான். கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

“சுபா நோ,” என்றான்.

பதினாறு வருடமும் ஆஸ்பத்திரியிலும் இரண்டு இரண்டு என்றே சொல்லிவந்தவன். பக்கத்தில் போய், “உட்கார். அடுத்த நாற்பத்தைந்து விநாடி நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு பையன்களுக்கு நடுவில் பெஞ்சில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் கதவருகே நின்று எண்ணினேன். அவர்கள் திரும்பி வந்தபோது கதவைத் திறந்துவிட்டேன், இடது கையால்.